பட்டர் பிஸ்கட் இல்லாததால்தான் டிரா ஆனதா?

4 ஆகஸ்ட் 2023, இரவு 11.40

நேராகக் கேட்டுவிடுகிறேன். ஹாக்கி ஆட்டத்துக்கு முன்னால் ஒருத்தன் பட்டர் பிஸ்கட்டுக்குப் பதிலாக சமோசா தின்றால், இந்தியா கோல் போடக் கிடைத்த 15 பெனால்டி கார்னரில் 14-ஐ வீணாக்குமா?

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்திலிருந்து இப்போதுதான் வீடு வந்தேன். ஆசிய சாம்பியன்ஸ் டிராபி, ஜப்பானோடு 1-1. நேற்று இதே தரையில் சீனாவை 7-2 என்று துவைத்துக் காயப்போட்ட அதே அணி. நேற்றைக்கும் இன்றைக்கும் என் தரப்பில் ஒரே ஒரு வித்தியாசம்தான். நேற்று வழக்கமான கடையில் ஒரு டீ, இரண்டு பட்டர் பிஸ்கட். இன்று ஜாடி காலி. "சமோசா சூடா இருக்கு சார்" என்றார் கடைக்காரர். தின்றேன். 28-வது நிமிடம் ஜப்பான் கோல் போட்டது. நம் கோல் வர 43-வது நிமிடம் ஆனது, அதுவும் கேப்டன் ஹர்மன்பிரீத் புண்ணியத்தில்.

சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

5 ஆகஸ்ட், காலை

பின்னூட்டத்தில் சிரித்திருக்கிறீர்கள். சரி, பின்னணியைச் சொல்கிறேன்.

2007 ஆசியக் கோப்பை இதே மைதானத்தில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் கொரியாவை 7-1 என்று வென்றோம். அன்றைக்கு நான் போவதற்கு முன் ஒரு டீயும் இரண்டு பட்டர் பிஸ்கட்டும் சாப்பிட்டேன். போட்டிருந்தது சாம்பல் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. அதற்கப்புறம் 16 வருடம் சென்னைக்கு இந்த அளவில் ஒரு சர்வதேச ஹாக்கிப் போட்டி வரவே இல்லை. சோதித்துப் பார்க்க வழியே இல்லாமல் ஒரு பழக்கத்தை 16 வருடம் பூட்டிவைத்திருந்தால் அது வேதமாகிவிடும். தப்பு என் மேல் மட்டும் இல்லை.

சட்டை இன்னும் இருக்கிறது. கீழே மூன்று பட்டன் சேராது. இந்திய ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் இதைத் திறந்துவிட்டுப் போகிறேன். ஆட்டோ ஓட்டுவது போல இருக்கிறது என்கிறாள் மகள்.

5 ஆகஸ்ட், மதியம்

திருத்தம். 2007 இறுதி ஆட்டம் 7-2. ஒரு கோலை நான் தின்றுவிட்டேன். சொன்னவருக்கு நன்றி.

5 ஆகஸ்ட், இரவு

குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த வியாதி உண்டா என்று ஒருவர் கேட்டார். உண்டு. அப்பா.

அப்பா ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரம்பூரில் ரயில்வேக்காரர் வீடு என்றால் ஹாக்கி மட்டை ஒன்றாவது கதவுக்குப் பின்னால் இருக்கும். சின்ன வயதில் முருகப்பா தங்கக் கோப்பை ஆட்டங்களுக்கு என்னை எழும்பூருக்கு சைக்கிளில் கூட்டிப்போனவர் அவர்தான். அப்படிப்பட்டவர் இந்தியா ஆடினால் மட்டும் பார்க்கமாட்டார். "நான் பார்த்தா கோல் வாங்கிடுவாங்கடா."

வேர் 1980-ல் இருக்கிறது. மாஸ்கோ ஒலிம்பிக் இறுதி ஆட்டம். நம்ம ஊர் பாஸ்கரன் கேப்டன். அப்பா ரேடியோவைக் காதில் ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தியா 3-0. பிறகு ஸ்பெயின் வரிசையாக இரண்டு. அப்பா ரேடியோவை அணைத்தார். தெருவில் சத்தம், நமக்கு நாலாவது கோல். ஆசையில் திரும்பப் போட்டார். ஸ்பெயின் மூன்றாவது கோல். மறுபடி அணைத்தார். முடிவு 4-3, தங்கம். இன்றைய தேதி வரை இந்திய ஹாக்கியின் கடைசி ஒலிம்பிக் தங்கம்.

"அதுக்கப்புறம் 43 வருஷமா அணைச்சுத்தானே வச்சிருக்கீங்க, ஏன் தங்கம் வரலை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பக்கத்து வீட்ல போட்டிருந்தாங்க. காதுல விழுந்துச்சு."

6 ஆகஸ்ட், நள்ளிரவு தாண்டி

பிஸ்கட் கிடைத்தது. இரண்டே இரண்டு. மலேசியா 0, இந்தியா 5.

முதல் கோல் நம்ம அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம். அவர் கோல் போட்டபோது ஸ்டேடியத்தில் எழுந்த சத்தம் வேறு ரகம். மற்ற கோல்களுக்குக் கைத்தட்டினார்கள். இதற்கு, சொந்தக்காரப் பையன் பத்தாவதில் முதல் மார்க் வாங்கியது போலக் கத்தினார்கள். எனக்குப் பின்னால் கோவில்பட்டியிலிருந்து வேனில் வந்த ஒரு கூட்டம். கார்த்தி அங்கே விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்தவர், ஆகையால் அவர்களுக்கு உரிமை அதிகம். ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுத்தார்கள். நான் சாப்பிடாமல் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று சொல்லவேண்டியதில்லை.

7 ஆகஸ்ட்

கொரியா, 3-2. பிஸ்கட் இரண்டு. 58-வது நிமிடத்தில் அவர்கள் இரண்டாவது கோல் போட்டபோது நான் கால்மேல் கால் போட்டிருந்தேன். உடனே இறக்கினேன். மற்றபடி ஒன்றும் இல்லை.

8 ஆகஸ்ட்

"மலேசிய ரசிகர் ஒருவரும் அதே கடையில் அதே ஜாடியிலிருந்து இரண்டு பிஸ்கட் தின்றிருந்தால்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

நல்ல கேள்வி. இரண்டு நாளாக இதுதான் உறுத்துகிறது. பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரன் கோயிலில் புது வண்டிகள் வரிசையில் நிற்கும், பார்த்திருப்பீர்கள். எல்லா வண்டிக்கும் அதே எலுமிச்சம்பழம்தான், நசுக்கிவிட்டுத்தான் போகிறார்கள். அப்புறம் சிம்சன் சிக்னலில் அதே இரண்டு வண்டிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டால் முனீஸ்வரன் யார் பக்கம் நிற்பார்? இதற்கு என் மச்சானின் பதில்: "ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்கல்ல மாமா, அதான் அவர் வேலை." அதாவது முனீஸ்வரனைத் தோற்கடிக்கவே முடியாது. மூடநம்பிக்கைக்கு இதுதான் பலம் என்று இப்போது தோன்றுகிறது. ஆட்டத்துக்கு முடிவு இருக்கிறது, இதற்கு இல்லை.

9 ஆகஸ்ட்

இன்று ஆடிக்கிருத்திகை. பாகிஸ்தானோடு ஆட்டமும் இன்றுதான். அம்மா காலையிலேயே வடபழனி போய் வந்துவிட்டார். வீட்டில் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை. பிஸ்கட்டில் முட்டை இருக்குமோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். விரதம் எனக்கா இந்திய அணிக்கா என்று கேட்டேன், முறைத்தார். கடைக்காரரிடம் விசாரித்தேன். "பேக்கரிக்காரரைத்தான் கேக்கணும்" என்றார். வேறு வழியில்லாமல் தின்றேன்.

4-0.

பத்து மணி வாக்கில் வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா மொட்டைமாடியில் இருந்தார். "எத்தனை?" என்ற ஒரே வார்த்தை. சொன்னேன். "சரி, வரும்போது பால் பாக்கெட் வாங்கிட்டு வா."

10 ஆகஸ்ட்

ஆட்டம் இல்லாத நாள். அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. ஹாக்கி ரசிகனுக்கு மட்டும் ஏன் இந்த நோய் இவ்வளவு முற்றுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பெனால்டி கார்னர்தான் காரணம்.

மற்ற நேரமெல்லாம் பந்து ஓடிக்கொண்டே இருக்கும், பயப்படக்கூட நேரம் கிடைக்காது. கார்னர் என்றதும் எல்லாம் நின்றுவிடும். தடுக்கிறவர்கள் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் போவார்கள், முகமூடி மாட்டுவார்கள், கையுறையை இழுத்துவிடுவார்கள். மற்றவர்கள் பாதிக் கோட்டுக்கு அப்பால் போய் நிற்பார்கள். ஏறக்குறைய முக்கால் நிமிடம். அந்த முக்கால் நிமிடத்தில் ரசிகன் என்ன செய்வான்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் ஒவ்வொரு கார்னருக்கும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கோலை அவர் பார்ப்பதே இல்லை, நாங்கள் கத்துவதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். நான் செருப்பைக் கழற்றி வலது இடது மாற்றி வைப்பேன். இதை இதுவரை சொல்லவில்லை.

ஜப்பான் ஆட்டத்தில் 14 கார்னர் ஏன் போனது என்று இப்போது நிதானமாக யோசித்தால் பதில் சுலபம். பந்து உள்ளே வந்த நொடியே அவர்களுடைய முதல் ஆள் ஹர்மன்பிரீத்தின் மட்டையை நோக்கி நேராக ஓடிவந்தான். அடிக்கும் பந்து தன் உடம்பில் படும் என்று தெரிந்தே ஓடிவந்தான். நான் சமோசாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

10 ஆகஸ்ட், இரவு

வெட்கம் போய்விட்டது. நாளைக்கு அரையிறுதி, அதே ஜப்பான். அலுவலகத்திலிருந்து வரும் வழியில் கடைக்குப் போய் இரண்டு பிஸ்கட்டை முன்கூட்டியே எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன். "கல்யாணத்துக்கு அட்வான்ஸா சார்?" என்கிறார்.

11 ஆகஸ்ட்

5-0. கடைசி கோல் கார்த்தி.

கணக்கு: பிஸ்கட் சாப்பிட்ட ஐந்து ஆட்டத்தில் ஐந்து வெற்றி. சமோசா சாப்பிட்ட ஒன்றில் டிரா. நீதிமன்றத்தில் நிற்கும்.

12 ஆகஸ்ட், இல்லை, 13 தேதி பிறந்துவிட்டது

கை இன்னும் நடுங்குகிறது. இறுதி ஆட்டத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

பிஸ்கட் சாப்பிட்டேன். சட்டை போட்டேன். முதல் நாள் உட்கார்ந்த வரிசையிலேயே இடம் பிடித்தேன். 9-வது நிமிடம் ஜுக்ராஜ் பெனால்டி கார்னரில் கோல். "இனி பார்க்கவே வேண்டாம்" என்று பக்கத்தில் ஒருத்தன் சொன்னான். அந்த வாயை யாராவது மூடியிருக்கவேண்டும். மலேசியா ஒன்று, இரண்டு, மூன்று. பாதி ஆட்டத்தில் 1-3. ஆறு நாளுக்கு முன்னால் 5-0 என்று அடித்து அனுப்பிய அணியிடம்.

ஸ்டேடியம் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. தண்ணீர் வாங்கலாம் என்று எழுந்து கீழே போனேன். வரிசை பெரிது. திரும்பிப் படியேறும்போது மூன்றாவது கால்பகுதி ஓடிக்கொண்டிருந்தது. படிக்கட்டு திரும்பும் இடத்தில், சுவருக்கும் கம்பிக்கும் நடுவில், மைதானத்தின் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது. அங்கேயே நின்றேன். 45-வது நிமிடம், இந்தியாவுக்கு பெனால்டி ஸ்ட்ரோக். ஹர்மன்பிரீத், கோல். கத்தி முடிப்பதற்குள், அதே நிமிடத்தில், எனக்குத் தெரியாத மூலையிலிருந்து குர்ஜந்த் இன்னொன்று. 3-3.

போன் அடித்தது. மச்சான். "மாமா, சீட்ல இருக்கீங்களா?"

"இல்லடா, படியில."

"அங்கயே நில்லுங்க. ஒரு அடி நகரக்கூடாது."

நின்றேன். மஞ்சள் அட்டை மாட்டிய ஒரு தன்னார்வலப் பையன் வந்து, "அங்கிள், வழியில நிக்கக்கூடாது, சீட்டுக்குப் போங்க" என்றான். விளக்கினேன். எல்லாவற்றையும். 2007, சட்டை, பிஸ்கட், 1-3. அவன் என்னையும் பார்த்தான், ஸ்கோர் போர்டையும் பார்த்தான். அப்புறம் எதுவும் பேசாமல் என் பக்கத்திலேயே சுவரோடு ஒட்டி நின்றுகொண்டான். 56-வது நிமிடம் ஆகாஷ்தீப். 4-3. அந்தப் பையன் என்னைக் கட்டிப்பிடித்ததில் தண்ணீர் பாட்டில் உடைந்தது.

நாலாவது முறையாகக் கோப்பை நம்முடையது.

13 ஆகஸ்ட், காலை

வீட்டில் சண்டை. நான் படிக்கட்டுக் கதையைச் சொல்ல வாய் திறந்ததும் அப்பா கையை உயர்த்தினார். 1-3 ஆனபோது அம்மா ஹாலில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்பா தற்செயலாகத் தண்ணீர் குடிக்க வந்து, திரையில் ஸ்கோர் கண்ணில் பட்டு, நேராகப் போய் ஸ்விட்சை அணைத்துவிட்டாராம். "நான் அணைச்சேன், ஜெயிச்சாங்க. ஸ்கோர் என்ன? 4-3. 1980-ல என்ன? 4-3."

இதற்கு என்ன பதில் சொல்வது?

அம்மாவின் குறை வேறு. "கடைசிப் பாதியை ஒருத்தரும் எனக்குக் காட்டலை."

14 ஆகஸ்ட்

"காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை" என்று எழுதியவருக்கு: ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காக்கையின் இடத்தில் இருந்து பாருங்கள். தான் உட்கார்ந்ததும் பழம் விழுந்ததைக் கண்ணால் பார்த்த காக்கை அடுத்த நாள் எந்த மரத்தில் உட்காரும்?

இன்னொன்று. 11-ம் தேதி நான் போட்ட கணக்கு பொய். இறுதி ஆட்டத்துக்கும் பிஸ்கட் சாப்பிட்டேனே, அப்புறம் எப்படி 1-3? படிக்கட்டைச் சேர்த்துக்கொண்டு பிஸ்கட்டைக் காப்பாற்றினேன். யாரும் கவனிக்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

8 ஆகஸ்ட் 2024

ஒரு வருடம் கழித்து இதைத் தூசி தட்டுகிறேன். பாரிஸ் ஒலிம்பிக்.

காலிறுதியில் பிரிட்டனோடு 17-வது நிமிடத்திலேயே நம் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மிச்ச ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர். 1-1-ல் பிடித்து, ஷூட்அவுட்டில் 4-2. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் என்கிற மனிதருக்குத் தனியாகக் கோயில் கட்டலாம். அன்று எங்கள் வீட்டு ஹாலில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்களோ அதே இடத்தில்தான் அரையிறுதிக்கும் உட்காரவேண்டும் என்று சுண்ணாம்புக்கட்டியால் தரையில் குறி போட்டேன். மனைவி துடைத்துவிட்டாள். ஜெர்மனியோடு 2-3, கடைசி கோல் 54-வது நிமிடத்தில். வீட்டில் யாரும் மாப் குச்சியைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் எல்லாரும் அதைப் பார்த்தோம்.

இன்று வெண்கலத்துக்கு ஸ்பெயின். ஸ்பெயின் என்றதும் அப்பாவுக்கு மாஸ்கோ. மாலை 5.30-க்கே தெருவை விட்டே வெளியேறிவிட்டார். மார்க்கெட் போய் இரண்டு கிலோ சின்ன வெங்காயம் வாங்கிக்கொண்டு ஏழரைக்கு வந்தார். 2-1, ஹர்மன்பிரீத் இரண்டு. 1968, 1972-க்கு அப்புறம் அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் பதக்கம் இப்போதுதான், 52 வருடம். ஸ்ரீஜேஷுக்கு இதுதான் கடைசி ஆட்டம். அவர் கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்ததை அப்பா இரவு செய்தியில் பார்த்தார். முடிந்துபோன ஆட்டத்தைப் பார்க்கலாம், அதற்கு விதிவிலக்கு உண்டு.

10 டிசம்பர் 2025, இரவு

ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது தெரிந்திருக்கும். மழை, அலுவலகம், காய்ச்சல் என்று பாதி ஆட்டம் எனக்குப் போய்விட்டது. அரையிறுதியில் மறுபடி ஜெர்மனி, 1-5. ஆகாத மருமகள் கைபட்டாலும் குற்றம் என்பார்களே, எங்கள் வீட்டில் ஜெர்மனி அப்படி.

நேற்று ராத்திரி அப்பா தானாகவே சொன்னார்: "நாளைக்கு நானும் வரேன். வெண்கலத்துக்குத்தானே, போனா போகுது." 2007-லேயே கூப்பிட்டேன், வரவில்லை. இப்போது முட்டி வலியோடு வருகிறார். ஏன் என்று கேட்கவில்லை, கேட்டால் மனசு மாறும். ஸ்ரீஜேஷ் இப்போது பையன்களுக்குக் கோச், அவரைப் பார்க்கத்தான் என்று நினைக்கிறேன்.

அவசரத்தில் டீக்கடைக்குப் போகவில்லை. உள்ளே உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. அப்பாவிடம் சொன்னேன். "பிஸ்கட்டுக்கும் கோலுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றார். ரேடியோவை அணைத்துத் தங்கம் வாங்கியவர்.

5-வது நிமிடம் அர்ஜென்டினா கோல். அப்பா கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தார். 44-வது நிமிடம் இன்னொன்று. 0-2. அவர் எழுந்தார்.

"எங்கப்பா?"

"நான் வந்திருக்கக்கூடாது. நீ இரு."

பிடித்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதை யோசித்துப் பார்க்கிறேன். 72 வயது மனிதர் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்குகிறார், என் மனசின் ஒரு மூலை "சீக்கிரம் இறங்குங்கள்" என்கிறது.

49, 52, 57, 58. நான்கு கோல். பதினோரு நிமிடம்கூட இல்லை. 4-2, வெண்கலம். நான் கத்தினேனா அழுதேனா தெரியாது, கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

அவர் டீக்கடையில் இருந்தார். மர ஸ்டூலில் உட்கார்ந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"நாலு சத்தம் கேட்டுச்சு. நாலும் நமக்கா?"

"நாலும் நமக்குத்தான்."

தலையாட்டினார். சட்டை முன்பக்கம் முழுக்க பிஸ்கட் தூள். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, இனிப்பைத் தொட்டு ஆறு வருடம் ஆகிறது.

"எத்தனை சாப்பிட்டீங்க?"

"முதல்ல ஒண்ணு சாப்பிட்டேன், சத்தம் வந்துச்சு. அப்புறம் எப்படிடா நிறுத்துறது?" கடைக்காரரிடம் காசை நீட்டினார். "அம்மாகிட்ட சொல்லாத."